பழைய லேப்டாப்புக்கு ரேம் கூட்டலாமா, வேறு வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், மெரிபேங்க்கில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியை. 2018இல் வாங்கிய 14 அங்குல லேப்டாப் வைத்திருக்கிறார்: இன்டெல் ஐ5-8250யூ சிபியூ (கணக்குகளைச் செய்யும் முதன்மைச் சிப்), 4 ஜிபி ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்), 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 11. ஜூமையும் பாடப் பிடிஎஃப்பையும் பிரவுசரையும் சேர்த்துத் திறந்தால் மவுஸ் முள்கூட நகர மறுக்கிறதாம். பழுதுபார்க்கும் கடையில் 16 ஜிபி போடச் சொல்கிறார்கள். ஜொகானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் தம்பியோ, "அந்தக் காசுக்கு வேறொன்று வாங்கிடுக்கா" என்கிறார். எதைச் செய்வது?

கடைக்காரர் சொன்னது பாதி சரி, தம்பி சொன்னதும் பாதி சரி. இந்த லேப்டாப்புக்கு ரேம் கூட்டலாம், ஆனால் 16 ஜிபி தேவையில்லை. இருக்கிற 4 ஜிபியோடு ஓர் 8 ஜிபி ஸ்டிக்கை (ரேம் சிப்கள் பதித்த சிறு பலகை) சேர்த்தால் போதும். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாத வேகமான சேமிப்பகம்) போடாமல் ரேமை மட்டும் கூட்டினால் போட்ட காசில் பாதிதான் பலன் தரும். ஆனால் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் கால் மணி நேரம் செலவழித்து இயந்திரம் எதற்காகக் காத்துக் கிடக்கிறது என்று பார்த்துவிடுங்கள். மெதுவாக ஓடும் லேப்டாப் எல்லாமே ரேம் பற்றாமல் மெதுவாக ஓடுவதில்லை.

வகுப்பு நாளன்று திறப்பதையெல்லாம் அப்படியே திறந்து வையுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்பாமன்ஸ் பக்கத்துக்குப் போய், லேப்டாப் திணறும் அந்த நேரத்தில் சிபியூ, மெமரி, டிஸ்க் மூன்றும் எவ்வளவு காட்டுகின்றன என்று பாருங்கள். மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நின்று, டிஸ்க்கும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் ரேம் போதவில்லை என்று அர்த்தம். ரேமில் இடமில்லாததால் விண்டோஸ் பாதியை டிஸ்க்கில் எழுதி வைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு 5400 சுற்று ஓடும் ஹார்டு டிஸ்க், சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை விநாடிக்கு நூறு முறை அளவுக்குத்தான் தேடி எடுக்கும். சாட்டா என்ற சாதாரண இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டிகூட அதே வேலையைப் பல்லாயிரம் முறை செய்யும். மவுஸ் முள் உறைந்து நிற்பதற்குக் காரணம் அந்தத் தேடல்தான்.

மெமரி 60 சதவீதத்தில் இருக்க, டிஸ்க் மட்டும் 100இல் நிற்கிறதா? அப்படியானால் ரேமைக் குறை சொல்ல முடியாது. டிஸ்க் தேய்ந்திருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். அது 'காஷன்' என்று மஞ்சளில் காட்டினால் அன்றைக்கே பாடங்களையெல்லாம் வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிடுங்கள்.

சிபியூ 100 சதவீதத்தில் இருந்தாலும் ரேம் உதவாது. இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சிபியூ பக்கத்தில் வேகம் 0.4 அல்லது 0.8 ஜிகாஹெர்ட்ஸிலேயே நின்றுகொண்டு மேலே ஏறாமல் இருந்தால் இயந்திரம் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது. விசிறியில் தூசி அடைத்து உள்ளே சூடேறியிருக்கலாம். அல்லது சார்ஜரை லேப்டாப் அடையாளம் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். சில பிராண்டுகளில் சார்ஜர் முனையின் நடுவில் இருக்கும் மெல்லிய ஊசி வளைந்தாலோ, போலிச் சார்ஜரைச் செருகினாலோ இப்படி நடக்கும். 32 ஜிபி ரேம் போட்டாலும் அந்த லேப்டாப் நத்தையாகத்தான் ஊரும்.

மெமரி 70, 80 சதவீதம் காட்டுவதைக் கண்டு மட்டும் பதற வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமை விண்டோஸ் விட்டுவைக்காது, அடுத்து நீங்கள் திறக்கக்கூடியதை முன்கூட்டியே அதில் ஏற்றி வைக்கும். நம்பத் தகுந்த அடையாளம் 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' என்ற எண். ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி பக்கத்தில் அதைப் பார்க்கலாம். ஒரு நிரலைத் திறக்கும் கணத்தில் அது எகிறுவது இயல்பு. வேலை நடந்துகொண்டிருக்கும்போதும் நிமிடக்கணக்கில் நூற்றுக்கணக்காகவே நின்றால் ரேம் கூட்டத்தான் வேண்டும். உங்கள் விவரத்தைப் பார்த்தால் அப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன். விண்டோஸ் 11 சும்மா நிற்கும்போதே இரண்டரை, மூன்று ஜிபியை எடுத்துக்கொள்ளும். உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்குத் தனி நினைவகம் கிடையாது, அதுவும் இதே 4 ஜிபியில்தான் பங்கு கேட்கும். மிச்சத்தில் ஜூமும் பத்து டேப்களும் எப்படி நுழையும்?

அடுத்து, கூட்டுவதற்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தின் கீழே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2' என்று இருந்தால் ஒரு ஸ்லாட் காலி. 'ஃபார்ம் ஃபாக்டர்' என்ற இடத்தில் 'சோடிம்' என்று இருந்தால் கழற்றி மாட்டக்கூடிய ஸ்டிக். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டது, கை வைக்க முடியாது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் நிலைமை இதுதான். சிலவற்றில் 4 ஜிபி பற்றவைத்து, கூடவே ஒரு ஸ்லாட்டும் இருக்கும். இந்தத் திரையை முழுதாக நம்பவும் வேண்டாம். பற்றவைத்த சிப்பையும் சில நேரம் ஒரு ஸ்லாட்டாகவே எண்ணிக் காட்டிவிடும். உங்கள் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுத்துப் படத்தோடு ஒத்துப் பாருங்கள். எத்தனை திருகு, எந்தெந்த இடத்தில் என்பதும் அதிலேயே இருக்கும், பின்னால் உதவும்.

இனி எந்த ரேம் என்பது. ஐ5-8250யூ போட்ட லேப்டாப்பில் கழற்றக்கூடிய ஸ்டிக் இருந்தால் அது பெரும்பாலும் டிடிஆர்4 சோடிம்: 260 கால்கள், 1.2 வோல்ட், ஏறத்தாழ 7 செ.மீ. நீளம். டெஸ்க்டாப் ரேம் 13 செ.மீ.க்கு மேல் இருக்கும், மாட்டவே மாட்டாது. டிடிஆர்3எல்லுக்கு 204 கால்கள், டிடிஆர்5க்கு 262. ஒவ்வொன்றிலும் வெட்டுப்பள்ளம் வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் இறங்காது. இறங்கவில்லையென்றால் அழுத்தாதீர்கள், தவறான ரகத்தை வாங்கியிருக்கிறீர்கள். டிடிஆர்3 காலத்து லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் முதலாவதுக்கு 1.5 வோல்ட், இரண்டாவதுக்கு 1.35 வோல்ட். குறைந்த வோல்ட்டுக்கு மட்டும் செய்த லேப்டாப்பில் 1.5 வோல்ட் ஸ்டிக்கைப் போட்டால் திரை இருண்டே கிடக்கும். லேபிளில் 'பிசி3எல்' என்று 'எல்' எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். உங்கள் சிப் ரேமை 2400 வேகம் வரைதான் ஓட்டும். கடையில் 3200தான் இருக்கிறது என்றால் அதையே வாங்கலாம், அது 2400க்கு இறங்கிக்கொண்டு ஓடும். வேகம் கூடிய கேமிங் ரகத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

12 ஜிபி என்பது ஒழுங்கில்லாத எண்ணாக இருக்கிறதே, 4ஐயும் 8ஐயும் கலந்து போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம். இன்டெல் சிப்கள் இரண்டு ஸ்டிக்கிலும் சமமாக உள்ள பகுதியை, அதாவது 4+4 ஜிபியை, இரட்டை வழியில் (இரண்டு ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் படித்து) ஓட்டும், மிச்சமுள்ள 4 ஜிபியை ஒற்றை வழியில் ஓட்டும். ஒரே ஒரு ஸ்டிக் மட்டும் இருந்த காலத்தைவிட கிராபிக்ஸ் வேலையே கொஞ்சம் சுறுசுறுப்பாகும். பழைய ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு 16 ஜிபி ஒற்றை ஸ்டிக் போட்டால் இந்த ஆதாயம் கிடைக்காது, செலவும் கூடும். வீடியோ வெட்டி ஒட்டுவோர், விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் இன்னொரு கணினி) ஓட்டுவோர் 16க்குப் போகட்டும். வகுப்புக்கும் எழுத்து வேலைக்கும் 12 தாராளம். ஒரே ஒரு ஸ்லாட்தான் என்றால் மட்டும் 4ஐ எடுத்துவிட்டு 8 போடுங்கள்.

விலையையும் சொல்ல வேண்டும். 2025இன் கடைசியிலிருந்து உலகெங்கும் ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. ஏஐ சர்வர்களுக்கு வேண்டிய நினைவகத்துக்குத் தொழிற்சாலைகள் முன்னுரிமை கொடுப்பதுதான் காரணம். பழைய டிடிஆர்4ஐயும் அது விடவில்லை. ஆகவே 'எதற்கும் இருக்கட்டும்' என்று பெரிதாக வாங்கும் காலம் இதுவல்ல. பயன்படுத்திய ஸ்டிக் வாங்கத் தயங்க வேண்டாம். டிஸ்க், பேட்டரி போல ரேம் தேய்வதில்லை, கெட்டுப்போனது சோதனையில் தெரிந்துவிடும். ஆனால் திருப்பித் தர வழியுள்ள இடத்தில் வாங்குங்கள். தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருளில் குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரவோ, பழுது நீக்கிக் கேட்கவோ, பணம் கேட்கவோ உங்களுக்கு உரிமை உண்டு. ஆன்லைன் கடையில் வாங்கினால் காரணம் சொல்லாமலே ஏழு நாளுக்குள் ரத்து செய்யலாம், திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. விளம்பரம் பார்த்துத் தனி ஆளிடம், வண்டி நிறுத்துமிடத்தில் கைமாறும் ஸ்டிக்குக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

எஸ்எஸ்டியைப் பற்றிச் சுருக்கமாக. 2.5 அங்குலம், 7 மி.மீ. தடிமன், சாட்டா, 240 அல்லது 256 ஜிபி. உங்கள் ஹார்டு டிஸ்க் இருக்கும் இடத்தில் அப்படியே உட்காரும். கடைக்காரரிடம் பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்ய, அதாவது முழுதாக நகலெடுக்கச் சொல்லலாம். எட்டு வருடக் குப்பையைச் சுமந்துகொண்டு போவதைவிட விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதுதான் நல்லது என்பேன். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லையென்றால் இந்த மாதம் எஸ்எஸ்டி, அடுத்த மாதம் ரேம். டிஸ்க் வேகமானால் ரேம் பற்றாக்குறைகூடப் பாதி மறைந்துவிடும், ஏனென்றால் அந்தத் தேடல் வேலை நொடியில் முடிந்துவிடும்.

பேட்டரியையும் பார்த்துவிடுங்கள். ஹார்டு டிஸ்க் சுற்றும் பழைய லேப்டாப்பில், வலுவிழந்த பேட்டரியோடு லோட் ஷெடிங் (முறைவைத்து நடக்கும் மின்வெட்டு) நேரத்தில் திடீரென்று அணைந்தால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு போய்விடும். 2022, 2023இல் பட்ட பாடு இன்னும் யாருக்கும் மறந்திருக்காது. விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டில் முழுச் சார்ஜ் கொள்ளளவு, தயாரித்தபோது இருந்ததில் பாதிக்குக் கீழே வந்திருந்தால் அதையும் செலவுக் கணக்கில் சேருங்கள். டச்பேடு மேலே தூக்கிக்கொண்டு நின்றால் பேட்டரி வீங்கியிருக்கிறது. அதைச் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள், வேறெந்த மேம்பாடும் பிறகுதான்.

மாட்டுவது கடினமான வேலையில்லை, பொறுமை வேண்டும். முதலில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இயங்குகிறதா என்று பார்த்து, அதன் 48 இலக்க ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது பயோஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பு மாறிவிட்டால் அந்த எண்ணைக் கேட்டு வழியை மறிக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் அரைத்தூக்கத்துக்குப் போகாமல் முழுதாக அணையும். சார்ஜரைப் பிடுங்குங்கள். அடிப்பக்கத் திருகுகளுக்குப் பெரும்பாலும் பிஹெச்0 என்ற சிறிய கூட்டல்குறி முனை சரியாக இருக்கும். ஒன்றிரண்டு ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். எல்லாத் திருகும் வெளியே வந்தும் மூடி அசையவில்லையென்றால் எங்கோ இன்னொன்று இருக்கிறது, நெம்பாதீர்கள். திருகுகளின் நீளம் வேறுபடும். காகிதத்தில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் செல்லோடேப்பால் ஒட்டிவிடுங்கள். நீளமானதைக் குட்டையான துளையில் ஏற்றினால் கை வைக்கும் பக்கம் பொத்துக்கொண்டு வரும்.

மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. கம்பியைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் தலையை நகத்தால் இருபுறமும் மெல்ல நகர்த்துங்கள். பிறகு பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். நிலைமின்சாரம் இந்த நாட்டில் ஊருக்கு ஊர் வேறு. ஜொகானஸ்பர்க், லெனேசியா பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று வறண்டு கிடக்கும். கம்பளிச் சட்டையோடு கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே சுள்ளென்று அடிக்கும், அந்த அடியில் ரேம் சிப் செத்துப்போகலாம். கம்பளியைக் கழற்றி, கம்பளத்தில் நிற்காமல், உலோகக் குழாயைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். டர்பனில் அந்தத் தொல்லை குறைவு, ஈரமும் கடல் உப்பும்தான் தொல்லை. மெரிபேங்க் போலக் கடலை ஒட்டிய இடத்தில் எட்டு வருடம் இருந்த லேப்டாப்பில், காலியாகக் கிடந்த ஸ்லாட்டின் கால்களில் மெல்லிய பாசி போன்ற படலம் இருக்கலாம். 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சு வராத துணியில் தொட்டு ஸ்டிக்கின் பொன்னிறக் கால்களைத் துடையுங்கள். ஸ்லாட்டுக்கு மென்மையான தூரிகையால் அதையே தடவிக் காயவிடுங்கள். விரல் பட்ட எண்ணெயும் உப்புக்கு உதவி செய்யும் என்பதால் ஸ்டிக்கை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும்.

ஸ்டிக்கை ஸ்லாட்டுக்குள் 30 பாகை சாய்வில் செருகுங்கள். பொன்னிறக் கால்கள் ஏறக்குறைய முழுதாக மறையும்வரை உள்ளே போக வேண்டும். பிறகு மெல்லக் கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கொக்கிகளும் 'க்ளிக்' என்று பிடிக்கும். ஒரு கொக்கி மட்டும் பிடித்தால் முதலிலிருந்து செய்யுங்கள். மாட்டியபின் வேலை செய்யாத ரேம்களில் பெரும்பாலானவை கெட்டவை அல்ல, அரைகுறையாகச் செருகப்பட்டவைதான்.

பேட்டரியை மாட்டி, மூடியைத் திருகுவதற்கு முன்பே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதல் தடவை திரை ஒன்றிரண்டு நிமிடம் இருண்டே இருக்கலாம், தானே அணைந்து மறுபடி எழலாம். புது ரேமை இயந்திரம் பழகிக்கொள்கிறது, பயந்துபோய் அணைத்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் கடந்தும் ஒன்றும் வராமல் கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் மினுக்கினால் அணைத்து, பேட்டரியைக் கழற்றி, மறுபடி செருகிப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் புது ஸ்டிக்கை மட்டும் பழைய ஸ்லாட்டில் போடுங்கள். ஓடினால் சந்தேகம் இரண்டாவது ஸ்லாட்டின் மேல். ஓடாவிட்டால் ஸ்டிக்கின் மேல்.

ஓடிவிட்டது என்றால் டாஸ்க் மேனேஜரில் 12 ஜிபி, வேகம் 2400, ஸ்லாட் 2 ஆஃப் 2 என்று வர வேண்டும். 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்ற இடத்தில் நூறு, இருநூறு எம்பி இருப்பது சாதாரணம். ஜிபி கணக்கில் இருந்தால் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில், பூட் பகுதியின் கூடுதல் அமைப்புகளில் 'மேக்ஸிமம் மெமரி' பெட்டி டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 10இன் 32 பிட் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு எவ்வளவு மாட்டினாலும் 4 ஜிபிக்கு மேல் வராது.

அன்றிரவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை யூஎஸ்பியில் ஏற்றி நான்கு சுற்றும் ஓடவிடுங்கள். சில மணி நேரம் பிடிக்கும், சார்ஜர் இணைப்பில் இருக்கட்டும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுங்கள். 'ஒன்றுதானே' என்று விட்டால், மூன்று மாதம் கழித்து நீலத்திரையாகவோ, திறக்க முடியாத கோப்பாகவோ வந்து நிற்கும். விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் அவசரத்துக்கு உதவும், ஆனால் அது நழுவவிடும் பிழைகள் உண்டு.

தம்பி சொன்னதற்கு வருகிறேன். ரேம் பற்றவைக்கப்பட்டிருந்தால், கீல் உடைந்திருந்தால், சிப் செலரான் என்ற மலிவு ரகமாக இருந்தால் அவர் சொல்வதே சரி. ஏழாம் தலைமுறை இன்டெல்லோ அதற்கு முந்தியதோ என்றாலும் அப்படித்தான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஒரு சில விதிவிலக்குகள் தவிர அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏறும். உங்கள் 8250யூ எட்டாம் தலைமுறை என்பதால் அந்தக் கோட்டை மயிரிழையில் தாண்டியிருக்கிறது. அப்படித் தாண்டாத லேப்டாப்பிலும் எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் 4 ஜிபியிலேயே எழுதவும் படிக்கவும் நன்றாக ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும்.

செலவுக்கு நான் வைக்கும் அளவு ஒன்று. ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, கூலி எல்லாம் சேர்த்து, அலுவலகங்கள் கழித்துவிட்டுப் புதுப்பித்து விற்கும் லேப்டாப் ஒன்றின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த லேப்டாப்பையே வாங்கிவிடுங்கள். 8 ஜிபி, எஸ்எஸ்டி, பத்தாம் தலைமுறை என்ற மூன்றும் இருக்கிறதா என்று கேட்டு, உத்தரவாதத்தையும் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். ரேம் விலை ஏறியிருப்பதால் இந்தக் கணக்கு மாதத்துக்கு மாதம் மாறுகிறது. கடைக்காரரிடம் 8 ஜிபி ஸ்டிக்குக்கும் 240 ஜிபி எஸ்எஸ்டிக்கும் தனித்தனியாக விலை கேட்டு எழுதிக்கொண்டு, தம்பி பார்த்து வைத்திருக்கும் லேப்டாப்பின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.